கவுன்சிலர் இல்லாத ஊர்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சித்தப்பா சிங்கப்பூருக்கு வந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் எங்கள் புளோக்கின் இரண்டு லிஃப்டில் ஒன்று படுத்துவிட்டது. மற்றது பள்ளிப் பிள்ளைகள், தள்ளுவண்டியோடு பாட்டிகள், சைக்கிளோடு சாப்பாடு கொண்டுவரும் ஆள் என்று ஒவ்வொரு முறையும் நிரம்பியே வந்தது. பதினோராவது மாடியில் கால்மணி நேரம் நின்றோம். சித்தப்பா ஊரில் ஐந்து வருடம் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினராக இருந்தவர். சும்மா நிற்க அவருக்குக் கை வரவில்லை.

"இந்த வார்டுக்கு மெம்பர் யாருப்பா? நேரா அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?"

அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். கவுன்சிலர்? இல்லை. சேர்மன்? நகர மன்றத்துக்கு ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் எம்.பி. "எம்.பி.கிட்ட போயா லிஃப்டைப் பத்திப் பேசுவீங்க?" என்று சிரித்தார். ஆமாம் சித்தப்பா, இங்கே அப்படித்தான் என்றேன். அந்த 'அப்படித்தான்' எப்படி வந்தது என்று அவருக்கு விளக்க ஒரு வாரம் பிடித்தது. அவருக்குச் சொன்னதையும், சொல்லும்போது எனக்கே தெளிவானதையும் இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் உள்ளாட்சித் தேர்தல் கிடையாது. வாக்குச்சாவடிக்குப் போவது இரண்டே காரணங்களுக்குத்தான்: நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்ப, அல்லது அதிபரைத் தேர்ந்தெடுக்க. 2025 மே 3ஆம் தேதி 97 இடங்களுக்கு நடந்த பொதுத்தேர்தலில் 15 தனித்தொகுதிகளும், நான்கைந்து பேர் ஒரே அணியாக நிற்கும் 18 குழுத்தொகுதிகளும் இருந்தன. வாக்குச் சீட்டில் நாம் போட்ட ஒரே குறி, யார் ஆட்சி அமைப்பது, நம் சார்பில் நாடாளுமன்றத்தில் யார் பேசுவது என்பதோடு, நம் வீட்டு நடைபாதையைக் கூட்ட யார் ஆள் வைப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்தது. வார்டு மெம்பர் செய்யும் வேலை இங்கே எம்.பி.யின் சட்டைப் பைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. வெளியில் தெரியாது. லிஃப்ட் நிற்கும்போதுதான் தெரியும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. நகராட்சி ஆணையர்கள் என்று ஒரு கூட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. வரி கட்டுவோர் அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்வம் குறைவு, வாக்களிக்க வந்தவர்களும் குறைவு. 1913ல் பிரிட்டிஷ் அரசு தேர்தலையே எடுத்துவிட்டு ஆளுநரே நியமிப்பது என்று வைத்துக்கொண்டது. போருக்குப் பிறகுதான் அது திரும்பி வந்தது. 1949 ஏப்ரலில் 27 ஆணையர்களில் 18 பேரைத் தேர்தல் மூலம் எடுத்தார்கள். அதில் வென்ற ஃபிலிஸ் யூ, சிங்கப்பூரில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் பெண். நாடாளுமன்றத்துக்கு முன்பே நகராட்சியில் ஒரு பெண் உட்கார்ந்தார் என்பது இன்று பலருக்குத் தெரியாத செய்தி. 1951 செப்டம்பர் 22ஆம் தேதி சிங்கப்பூர் 'நகரம்' என்ற அந்தஸ்து பெற, நகராட்சி நகர மன்றம் ஆனது.

நம்மவர்களுக்கு அந்த நகராட்சி வெறும் அலுவலகமாக இருக்கவில்லை. அது சோறு. சாக்கடை, தெருக்கூட்டல், தண்ணீர்க் குழாய், சாலை, மின்சாரம் என்று நகராட்சியின் கூலி வேலைகளில் பெரும்பங்கு தமிழர்களுடையது. அவர்களுக்கென்று லைன் வீடுகள் இருந்தன. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வளர்ந்த பெரியவர்களில், 'அப்பா முனிசிபல்ல இருந்தார்' என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கலாம். ஊரைக் கழுவியவர்கள் நாம். ஆனால் ஊரை நடத்தும் மேசையில் நமக்கு இடம் வெகு நாள் கிடைக்கவில்லை. வாக்குரிமைக்குச் சொத்து, வாடகை, பிரிட்டிஷ் குடியுரிமை என்று இருந்த கட்டுகளால் அந்த உரிமை லைன் வீட்டு வாசலுக்கே வரவில்லை. நகர மன்றத்தில் உட்கார்ந்த தமிழர்கள் வேறு ரகம். அவர்களில் ஒருவர் வழக்கறிஞர் ஏ. பி. ராஜா. பிறகு 1959ல் ஃபேரர் பார்க்கில் சுயேச்சையாக நின்று சட்டமன்றத்துக்கும் போனார், பின்னாளில் நாடாளுமன்ற நாயகரும் ஆனார்.

1957 டிசம்பர் 21ஆம் தேதி நடந்த நகர மன்றத் தேர்தல்தான் பெரிய திருப்பம். முதன்முறையாக 32 இடங்களுக்கும் தேர்தல். இன்றைய ஆளும் கட்சியான மக்கள் செயல் கட்சி 14 இடங்களில் நின்று 13ல் வென்றது. ஓங் எங் குவான் மேயர் ஆனார். சிங்கப்பூர் நகர மன்றத்தின் முதல் மேயரும் கடைசி மேயரும் அவரே. பதவி ஏற்ற முதல் கூட்டத்திலேயே சிட்டி ஹாலில் கூட்டம் பொங்கி வழிந்தது, பட்டாசு வெடித்தது. வெள்ளைக்காரர் காலத்து அடையாளம் என்று சொல்லி மேயரின் செங்கோலை அப்புறப்படுத்தச் செய்தார். மன்றத்தில் ஆங்கிலம் மட்டும் என்று இருந்ததும் மாறியது. மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் பேசலாம் என்றானது. தண்ணீர்க் குழாய், விளக்குக் கம்பம், குப்பை வண்டி பற்றி அதிகாரபூர்வமாகத் தமிழில் பேச ஒரு சபை கிடைத்தது அப்போதுதான்.

ஓங் நல்ல மேயரா? ஏழைகளிடையே பெரிய பெயர். அதிகாரிகளிடையே பெரிய பயம். கூட்டங்கள் நாடகம்போல நடந்தன. முறைகேடுகள் பற்றி விசாரணைக் குழு அமைந்தது. 1959 ஏப்ரலில் அவர் மேயர் பதவியை விட்டார். அடுத்த மாதப் பொதுத்தேர்தலில் அவர் கட்சி நாட்டையே பிடித்தது. புதிய அரசில் ஓங் தேசிய வளர்ச்சி அமைச்சர் ஆனார். நகர மன்றத்தின் அதிகாரங்களை அமைச்சுக்குள் இழுத்துக்கொண்டது அந்த அரசுதான். மேயராக இருந்தவரே அமைச்சராகி, தான் உட்கார்ந்த நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்த கதை இது. 1963ல் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் புதிதாக வந்த பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போயின. அதோடு நகர மன்றத்தின் கதை முடிந்தது.

ஏன் கலைத்தார்கள் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்: இத்தனை சின்னத் தீவுக்கு இரண்டு அரசாங்கம் எதற்கு? நியாயம்தான். குறுக்கே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஊர். ஆனால் சொல்லாத காரணமும் ஒன்று இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர், பிரதமருக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆள். அந்த ஆள் எவ்வளவு பெரியவராக வளரலாம் என்பதை ஓங்கே காட்டினார். கட்சியிலிருந்து விலக்கப்பட்ட பின் 1961ல் ஹோங் லிம் இடைத்தேர்தலில் தன் பழைய கட்சியையே தோற்கடித்தார். இதைப் பார்த்த எந்த ஆட்சிக்கும் இன்னொரு மேயர் தேவைப்பட்டிருக்காது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி என்று எதுவும் இல்லை. 1960ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வீட்டைக் கட்டியது, கட்டிய வீட்டைக் கூட்டியும் பெருக்கியும் பார்த்துக்கொண்டது. அதே ஆண்டு வந்த மக்கள் கழகம் சமூக மன்றங்களை நடத்தியது. குடிமக்கள் ஆலோசனைக் குழு, 1978ல் வசிப்போர் குழு என்று அடுக்கடுக்காக வந்தன. இவற்றில் இருந்தவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். தமிழ் ஆசிரியர்கள், துறைமுக மேற்பார்வையாளர்கள், கடைக்காரர்கள் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் இவற்றில் உழைத்தார்கள், தேசிய தினத்தில் பதக்கமும் வாங்கினார்கள். யாரும் அவர்களுக்கு வாக்களிக்கவில்லை. தேவையும் வரவில்லை.

சரி, இன்று நம் புளோக்கைப் பராமரிக்கும் அமைப்புக்கு நகர மன்றம் என்ற பெயர் மறுபடி எங்கிருந்து வந்தது? 1986ல் அங் மோ கியோவில் மூன்று சோதனை மன்றங்கள் தொடங்கின. 1988ல் நகர மன்றச் சட்டம் வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். வீடமைப்புக் கழகம் பார்த்துவந்த பராமரிப்பை எம்.பி.க்களிடம் கொடுப்பது, குடியிருப்பாளர்களையும் அதில் உட்கார வைப்பது என்பது திட்டம். அதில் ஓர் உள்நோக்கமும் இருந்தது, அரசு அதை ஒளிக்கவும் இல்லை: தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தால் அதன் பலனை வாக்காளர் தன் வீட்டு வாசலிலேயே பார்க்க வேண்டும். 1984 தேர்தலில் இரண்டு எதிர்க்கட்சி ஆட்கள் வென்றிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். ஒரு நகர மன்றத்தைச் சேர்ந்து நடத்தத் தொகுதிகளை ஒன்றாகக் கட்டலாம் என்ற பேச்சும் அப்போதே இருந்தது. 1988 செப்டம்பர் தேர்தலில் குழுத்தொகுதி முறையும் வந்துவிட்டது. சிறுபான்மையினருக்கு இடம் உறுதி என்பது குழுத்தொகுதிக்குச் சட்டம் சொல்லும் காரணம். நம் சமூகத்து எம்.பி.க்கள் பலர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

நகர மன்றம் செய்வது என்ன? நம் வீட்டுக் கதவுக்கு வெளியே, கழகக் குடியிருப்பின் எல்லைக்குள் இருக்கும் பொது இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நடைபாதை, மாடிப்படி, லிஃப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி, குப்பைக் குழாய், கீழ்த்தளம், விளக்கு, சில வருடத்துக்கு ஒருமுறை சாயம். கீழ்த்தளத்தில் கல்யாணப் பந்தல் போடவும் அவர்களிடம்தான் அனுமதி, அதே இடத்தில் மூன்று நாள் கழித்து ஒரு சாவு விழுந்தால் அதற்கும் அவர்களிடம்தான். வாசலில் வைத்த துளசித் தொட்டியும் கறிவேப்பிலைச் செடியும் செருப்பு அலமாரியும் வழியை அடைத்தால் கடிதம் வருவதும் அங்கிருந்துதான். தீ விபத்தில் ஆள் போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. பொங்கலுக்கு வாசலை அடைத்துக் கோலம் போட்ட வீடுகளுக்கு இந்த 1.2 மீட்டர் நன்றாகவே தெரியும்.

இதற்கெல்லாம் மாதாமாதம் 'கன்சர்வன்சி' கட்டுகிறோம். சேவை, பராமரிப்புக் கட்டணம் என்பது நல்ல தமிழ், ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் அப்படிச் சொன்னால் ஒரு நொடி விழிப்பார். நாலறை வீட்டுக்கு 70, 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில் வரும். பேட்டைக்குப் பேட்டை மாறும். அதில் ஒரு பெரும் பங்கு அன்றாடச் செலவுக்குப் போகாமல் சேம நிதிக்குள் போகிறது: நாளைக்குக் கூரை ஒழுகும், லிஃப்ட் கிழடாகும், கம்பி மாற்ற வேண்டும், அதற்கு இன்றே எடுத்து வைப்பது. லிஃப்ட் மாற்றுவதற்கென்றே தனி நிதியும் 2017 முதல் உண்டு. பல ஆயிரம் வீடுகள், பல வருடம். கூட்டிப் பார்த்தால் ஒரு நகர மன்றத்தின் கையில் கோடிக்கணக்கான வெள்ளி இருக்கும்.

அந்தப் பணம்தான் இந்த வேலையின் உண்மையான கனம். எம்.பி. ஆகும் வரை டாக்டராகவோ வக்கீலாகவோ இருந்தவர், மறுவாரம் ஒரு பெரிய பராமரிப்பு நிறுவனத்தின் தலைவர்போல உட்கார்ந்து ஒப்பந்தப்புள்ளிகளில் கையெழுத்துப் போடுகிறார். 2008ல் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது, சில நகர மன்றங்கள் சேம நிதியில் கொஞ்சத்தை அதோடு தொடர்புடைய முதலீடுகளில் போட்டிருந்தது தெரியவந்தது. கோப்பிக்கடையில் அன்று ஒரே பேச்சு: நம்ம கூட்டுற காசு அமெரிக்காவுக்கு எப்படிப் போச்சு? எதிர்க்கட்சி பக்கத்தில் இதைவிடப் பெரிய கதை. 2011ல் அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சி வென்றது. நகர மன்றத்தை எடுத்து நடத்தியதில் நிர்வாகக் குறைகள் இருப்பதாக 2015ல் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை வந்தது. 2017ல் வழக்கானது. ஒரு வழியாக 2024ல் சமரசத்தில் முடிந்தது. லிஃப்டும் குப்பையும் பார்க்க எடுத்த பொறுப்புக்காக ஏழு வருடம் நீதிமன்ற வாசலில் நின்றார்கள்.

உள்ளாட்சி பற்றி எழுதும் தமிழன் கை தானாக உத்திரமேரூருக்குப் போகும். போகாமல் இருக்க முயன்றேன். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டதால் ஒரே ஒரு வரி: பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் குடவோலைக்குத் தகுதி இல்லாதவர் பட்டியலில், முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் வருகிறார்கள். மாமன் கணக்குக் காட்டவில்லை என்றால் மருமகனுக்கும் ஓலை கிடையாது. இங்கே தேசிய வளர்ச்சி அமைச்சு நகர மன்றங்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கிறது. துப்புரவு, பராமரிப்பு, லிஃப்ட், கட்டணப் பாக்கி, நிர்வாகம் என்று தனித்தனி நிறம். சோழர்கள் அளவுக்குக் கடுமை இல்லை.

இவ்வளவு இருந்தும், தெருவில் நடப்பது எல்லாம் நகர மன்றத்தின் கையில் இல்லை. கார் நிறுத்துமிடம் வீடமைப்புக் கழகத்துடையது. உணவங்காடி சுற்றுப்புற வாரியத்தின் கீழ். சாலையோர மரம் பூங்காக் கழகத்துடையது, சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. 2014 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சியின் கதையைச் சொன்னார். புக்கிட் கொம்பாக் பக்கம் நடைபாதையில் யாரோ தின்றுவிட்டுப் போட்ட குச்சி. அதை எடுக்க வேண்டியது யார்? ஒரு பக்கத்துச் சரிவு ஓர் அமைப்பு, நடுவிலிருக்கும் கால்வாய் இன்னொன்று, சாலையோரம் வேறொன்று. குச்சி எந்த அங்குலத்தில் விழுந்தது என்று பார்த்துத்தான் ஆள் வர வேண்டும். அதே ஆண்டு நகராட்சிச் சேவை அலுவலகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டு ஒன்சர்விஸ் செயலி வந்தது. படம் எடுத்து அனுப்பினால் யாருடையது என்று அவர்களே கண்டுபிடித்து அனுப்புவார்கள். பழைய நகர மன்றம் இருந்திருந்தால் இந்த அலுவலகம் தேவைப்பட்டிருக்குமா என்று சித்தப்பா கேட்டார். நல்ல கேள்வி. 1959ல் கலைத்ததை 2015ல் ஒரு செயலியாக ஒட்டவைத்தார்கள் என்று சொன்னால் மிகைதான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

அப்புறம் வாரத்தில் ஒரு ராத்திரி. எம்.பி. என்ற வேலையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி என்று நாளிதழ்கள் எழுதும். 1955ல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கி வைத்த பழக்கம். கட்சி எதுவானாலும் இன்று வரை விடவில்லை. ஆளும் கட்சிக்குப் பெரும்பாலும் புளோக் கீழே ஒரு அறையோ பாலர் பள்ளியோ இருக்கும். எதிர்க்கட்சிக்காரர்கள் கீழ்த்தளத்தில் மடக்கு மேசை போட்டு உட்காருவார்கள். ஏழரை மணிக்கு மேல் எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும்.

நான் சில காலம் ஒரு பேட்டையில் மொழி உதவிக்குப் போய் உட்கார்ந்ததுண்டு. தமிழ் மட்டும் பேசும் மூத்தவர்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு பாட்டி, கையில் நெகிழிப் பை, அதற்குள் பத்து வருடத்துக் கடிதங்கள். "தம்பி, வாடகை வீடு என் மக வீட்டுப் பக்கம் மாத்திக் குடுக்கச் சொல்லி எழுதுப்பா. முட்டி வலிக்குது, பேரனைப் பார்க்க ரெண்டு பஸ்." இன்னொருவர், லாரி ஓட்டுநர், போக்குவரத்து அபராதத்தைத் தவணையில் கட்டக் கேட்டு வந்தார். வேறொருவருக்கு மனைவியின் நீண்டகால வருகை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவேன். எம்.பி. படித்து, சில நேரம் ஒரு வரி மாற்றி, கையெழுத்திடுவார். அவ்வளவுதான் அவரால் முடியும். வீடமைப்புக் கழகத்துக்கோ குடிநுழைவு ஆணையத்துக்கோ அவர் உத்தரவு போட முடியாது. கனிவோடு பரிசீலியுங்கள் என்று கேட்கலாம். அதே மேசைக்கு அடுத்த ஆள் வந்து, 'என் மாடியில் எலி' என்பார். அங்கே அவர் உத்தரவே போடலாம். ஒரே ராத்திரியில், ஒரே நாற்காலியில், பாதி நேரம் மனு எழுதுபவர், பாதி நேரம் முதலாளி. வரிசையில் நிற்கும் பாட்டிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எலியை உடனே பிடித்தவரால் வீடு மட்டும் ஏன் மாற்றித் தர முடியவில்லை என்று அவர் கோபித்துக்கொண்டால், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

இப்படி இரண்டையும் ஒன்றாகக் கட்டியதில் நல்லது இல்லாமல் இல்லை. அமைச்சராக இருப்பவரும் வாரம் ஒரு ராத்திரி லாரி ஓட்டுநரின் கடிதத்தைப் படித்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மீன் தண்ணீர் மிதித்து நடந்தாக வேண்டும். தில்லியிலோ சென்னையிலோ ஓர் அமைச்சரிடம் சாக்கடையைப் பற்றிப் பேச எத்தனை படி ஏற வேண்டும் என்று சித்தப்பாவே கணக்குப் போட்டுப் பார்த்தார். கெட்டது எங்கே என்றால், வாக்குச் சீட்டில். நாட்டுக் கொள்கையில் ஒரு கட்சியைப் பிடிக்கும், பேட்டையைப் பார்த்துக்கொள்வதில் இன்னொருவரைப் பிடிக்கும் என்றால் நீங்கள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இந்த முடிச்சை ஊர் முழுக்கப் பார்த்தது பொத்தோங் பாசிரிலும் ஹவ்காங்கிலும். எதிர்க்கட்சிக்காரர் சியாம் சீ தோங் 1984 முதல் 2011 வரை பொத்தோங் பாசிரின் எம்.பி. ஹவ்காங்கை லோ தியா கியாங் 1991ல் பிடித்தார், அது இன்றும் பாட்டாளிக் கட்சியிடம்தான். 1990களில் பேட்டைகளைப் புதுப்பிக்கும் திட்டங்கள் வந்தபோது, ஆளும் கட்சிக்கு வாக்களித்த இடங்களுக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளுக்கு ஒரு முறைதான் நிற்கும், மிச்சம் படி. எல்லா மாடியிலும் நிற்க வைக்கும் மேம்பாடு இந்த இரண்டு தொகுதிகளுக்கும் மற்றவர்களுக்குப் பிந்தித்தான் வந்தது. முட்டி வலியோடு ஒரு மாடி நடந்த பொத்தோங் பாசிர் பாட்டிக்குக் கொள்கை என்பது அந்தப் படிகள்தான். ஆனாலும் அவர்கள் 27 வருடம் அந்த மனிதருக்கே வாக்களித்தார்கள். 2011ல் அவர் மனைவி லினா சியாம் தோற்றது 114 வாக்கில்.

இன்னொரு விநோதமும் உண்டு. எதிர்க்கட்சித் தொகுதியில் நகர மன்றம் எம்.பி.யிடம் இருக்கும். ஆனால் சமூக மன்றமும் வசிப்போர் அமைப்புகளும் மக்கள் கழகத்தின் கீழ் வருவதால், அவற்றின் ஆலோசகராக அரசு நியமிப்பது வேறொருவரை. பெரும்பாலும் அந்தத் தேர்தலில் தோற்ற ஆளும் கட்சி வேட்பாளரை. ஆக ஹவ்காங்கில் லிஃப்டுக்கு ஒருவர், தீபாவளி விருந்துக்கு இன்னொருவர். இரண்டு பேரும் சுவரொட்டியில் சிரிப்பார்கள். சித்தப்பா இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மேயர் என்ற பட்டமும் திரும்பி வந்துவிட்டது. 1997ல் ஒன்பது சமூக மேம்பாட்டு மன்றங்கள் வந்தன, 2001ல் ஐந்தாகச் சுருங்கின. ஐந்துக்கும் ஐந்து மேயர்கள். எல்லாரும் எம்.பி.க்கள், மேயராக யாரும் வாக்கு வாங்கியதில்லை, நியமனம்தான். மன்றத்தின் ஆங்கிலப் பெயரின் மூன்று எழுத்து, சிடிசி, எல்லார் வாயிலும் இருப்பது கடையில் செலவழிக்கத் தரும் பற்றுச்சீட்டுகளால்தான். 2021 டிசம்பரில் எல்லாச் சிங்கப்பூர் வீட்டுக்கும் 100 வெள்ளி என்று தொடங்கியது, 2025 மே மாதம் வந்தது 500. "சிடிசி வந்துருச்சா?" என்று தேக்காச் சந்தையில் கீரைக்காரரிடம் கேட்டால் அவர் கைத்தொலைபேசியை நீட்டுவார். மேயர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் சித்தப்பாபோல ஓர் ஆள், கட்சி வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம், என் புளோக்குக்கு மட்டும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால் இங்கே எந்தக் கதவைத் தட்டுவார்? அவர் ஊரில் கிராம ஊராட்சி வார்டுக்குக் கட்சியே கிடையாது. நானூறு வாக்குத் தெருவில் வீடு வீடாய் நடந்தால் போதும். இங்கே வாக்கு கேட்க வேண்டுமென்றால் நாடாளுமன்றம் ஒன்றுதான். 21 வயது, குடியுரிமை, பத்து வருட வசிப்பு, ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நான்கில் ஒன்றில் பேச, எழுத, படிக்கத் தெரிய வேண்டும். சட்டப்படி தமிழ் மட்டும் தெரிந்தாலே போதும், படிக்க மகிழ்ச்சியாக இருக்கும் வரி. 2025ல் வைப்புத்தொகை ஆளுக்கு 13,500 வெள்ளி. குழுத்தொகுதி என்றால் நான்கைந்து பேர் சேர வேண்டும். தொகுதியில் குடியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வென்றால் மாதப் படி 13,750 வெள்ளி, பெரும்பாலானோர் வேறு வேலையும் பார்க்கிறார்கள். ஒரு லிஃப்டுக்காக யாரும் இவ்வளவு தூரம் போக மாட்டார்கள்.

மிச்சமிருப்பது நியமனக் கதவுகள். நகர மன்றத்தில் எம்.பி.க்களோடு, குடியிருப்பாளர்களிலிருந்து நியமிக்கப்படும் உறுப்பினர்களும் உட்காருகிறார்கள். டவுன் கவுன்சிலர் என்ற பெயர் அவர்களுக்குத்தான் உண்மையில் பொருந்தும். ஒப்பந்தங்களைப் பார்ப்பார்கள், கணக்கைக் கேள்வி கேட்பார்கள், வீட்டுக்குப் போகும் வழியில் எரியாத விளக்கைக் குறித்துக்கொள்வார்கள். நம் சமூகத்தில் பொறியாளர், கணக்காளர் என்று எத்தனையோ பேர் அங்கே நன்றாகச் செய்யக்கூடியவர்கள். ஆனால் அவர்களைக் கூப்பிடுவது எம்.பி., போகச் சொல்வதும் எம்.பி. பக்கத்து வீட்டுக்காரன் அவர்களைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, தோற்கடிக்கவும் முடியாது. எனக்கு இதில்தான் குறை. சின்னத் தேர்தலில் தோற்று, மறுபடி நின்று, தெருவிளக்கில் தப்புச் செய்து கற்றுக்கொள்ள இங்கே இடம் இல்லை. முதல் தேர்தலே பெரிய தேர்தல். அதனால் ராணுவத்திலிருந்தும் அரசாங்க வேலையிலிருந்தும் பெரிய நிறுவனங்களிலிருந்தும் வருகிறார்கள், அண்டைவீட்டில் பேர் எடுத்து மேலே வந்தவர் அபூர்வம்.

போதாததற்கு எல்லைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். வீடு மாறாமலே இருபது வருடத்தில் மூன்று தொகுதிகளில் வசித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் லிஃப்ட் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். லிஃப்ட் மட்டும் அதே லிஃப்ட்.

அன்று மத்தியானமே அது சரியாகிவிட்டது. நான் யாருக்கும் போன் செய்திருக்கவில்லை. கீழே தகவல் பலகையில் எம்.பி.யின் படம், நான்கு மொழியில் வாழ்த்து. சித்தப்பா கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு தமிழ் வரியைப் படித்தார். ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தது, அதைச் சுட்டிக்காட்டினார். பிறகு, "இவர் எந்த மாடி?" என்றார்.

இங்கே குடியில்லை, சித்தப்பா.

"அப்புறம் லிஃப்ட் நின்னது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

லிஃப்டிலேயே கருவி இருக்கிறது, நின்றால் பராமரிப்பு ஆட்களுக்கு அதுவே தகவல் அனுப்பிவிடும் என்றேன். சித்தப்பா உள்ளே ஏறி, சுவரையும் கூரையையும் ஒருமுறை பார்த்தார். பதினோராவது மாடி வரும்வரை பேசவில்லை. கதவு திறந்ததும் வெளியே வந்து, நடைபாதையில் எங்கள் செருப்பு அலமாரியை இரண்டு கையாலும் சுவரோரமாகத் தள்ளி வைத்தார்.